சுரண்டும் முன் கலர் போட்டுப் பாருங்கள்: கர்ப்பப்பையின் ரத்தக்குழாய் முடிச்சும் ஊசித்துளைச் சிகிச்சையும்

என் தங்கை ஏற்காட்டில் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரருக்கு ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் வேலை. போன வருடம் இரண்டாவதாக உண்டாகி, ஒன்பதாவது வாரத்தில் கரு கலைந்துவிட்டது. ஒரு கிளினிக்கில் டி அண்ட் சி, அதாவது கர்ப்பப்பையின் உள்ளே சுரண்டிச் சுத்தம் செய்து அனுப்பினார்கள். பத்து நாளில் உதிரம் நின்றது. சரி, இத்தோடு போகட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டோம். ஐந்தாவது வாரம் ஒரு விடியற்காலையில், குழாயைத் திறந்துவிட்ட மாதிரி கொட்டியிருக்கிறது. கால் மணி நேரம். அப்புறம் யாரோ குழாயை மூடிய மாதிரி தானாகவே நின்றுவிட்டது. வலி இல்லை. இரண்டு நாள் கழித்து மறுபடியும் அதே மாதிரி.

கிளினிக்கில், “உள்ளே கொஞ்சம் மிச்சம் இருக்கும்மா, நாளைக்கு வாங்க, இன்னொரு தடவை சுத்தம் பண்ணிடலாம்” என்றார்கள். அப்படிச் சொன்னதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். கரு கலைந்த பிறகு உதிரம் நிற்காமல் போனால், பெரும்பாலும் உள்ளே தங்கிய துணுக்குதான் காரணம். ஆனால் என் தங்கைக்குக் காரணம் வேறு. அன்றைக்கு சாயங்காலமே இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலத்தில் என் வீட்டுக்கு வந்துவிட்டாள். மறுநாள் காலை ஸ்கேன் சென்டரில் டாக்டரம்மா கலர் டாப்ளர், அதாவது ரத்த ஓட்டத்தைக் கலரில் காட்டும் ஸ்கேன், போட்டுப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு போனை எடுத்து மகப்பேறு டாக்டரைக் கூப்பிட்டு, “மேடம், இதுல கைய வைக்காதீங்க. ஏ.வி.எம். மாதிரி இருக்கு” என்றார்.

அந்த மூன்றெழுத்துக்கு என்ன அர்த்தம் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு டாக்டர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். அந்த ஒரு போன் வராமல் இருந்திருந்தால் என்று நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு கலங்குகிறது.

பள்ளிக்கூடத்தில் படித்த மூன்று பெயர்களை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: தமனி, தந்துகி, சிரை. இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோவது தமனி. திரும்பக் கொண்டுவருவது சிரை. இரண்டுக்கும் நடுவே முடியை விட மெல்லிய தந்துகி வலை. ஒரு சிவப்பணு மட்டும் நுழைகிற அளவு அகலம்தான் அதற்கு. அணுக்கள் வரிசையில் நின்று ஒவ்வொன்றாகத்தான் போகவேண்டும். தமனிக்குள் 120 என்று அடிக்கிற அழுத்தம், தந்துகியைத் தாண்டிச் சிரைக்கு வரும்போது 10-க்கும் கீழே இறங்கிவிடுகிறது. அதனால்தான் தமனிக்குத் தடித்த சுவர், சிரைக்கு மெல்லிய சுவர்.

எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடைக்குப் பள்ளம் தோண்டியது ஞாபகம் இருக்கிறது. ஒரு பக்கம் மேட்டூர்த் தண்ணீர் வரும் குழாய், இன்னொரு பக்கம் கழிவுநீர்க் குழாய். தண்ணீர்க் குழாயில் அழுத்தம் அதிகம். அது ஒவ்வொரு வீட்டுக் குழாயாகப் பிரிந்து, சமையல், குளியல் எல்லாம் முடிந்து, மெதுவாகக் கழிவுக் குழாய்க்கு வந்து சேர்கிறது. இப்போது தோண்டுகிற கடப்பாரை இரண்டையும் குத்தி, தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும் நேரடியாகச் சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீடுகளுக்குத் தண்ணீர் வராது. அழுத்தமே தாங்கத் தெரியாத கழிவுக் குழாய் புடைத்து, இணைப்பு எங்கே பலவீனமோ அங்கே பீய்ச்சி அடிக்கும்.

கர்ப்பப்பையின் சதைக்குள் இதே தப்பு நடந்தால் அதுதான் ஏ.வி.எம்., அதாவது ஆர்ட்டீரியோவீனஸ் மால்ஃபார்மேஷன். தந்துகி இல்லாமல் தமனியும் சிரையும் நேராகக் கைகோத்துக்கொள்கின்றன. பல குழாய்கள் முறுக்கிக்கொண்டு முடிச்சாகிவிடுகின்றன. மெல்லிய சிரைகள் புடைத்து, கர்ப்பப்பையின் உள்சுவர் வரைக்கும் வந்து நிற்கின்றன. அந்த உள்சுவர் எப்போது உரிகிறதோ, அப்போது கொட்டும். அழுத்தம் குறைந்ததும், அல்லது ரத்தம் உறைந்து அடைத்ததும், நிற்கும். என் தங்கைக்குத் திறந்து மூடின மாதிரி வந்ததன் காரணம் அதுதான்.

சிலருக்கு இது பிறவியிலேயே இருக்கும். அது அபூர்வம். பெரும்பாலும் பிற்பாடு வருவதுதான்: கரு கலைந்து சுத்தம் செய்த பிறகு, சிசேரியனுக்குப் பிறகு, குழந்தைக்குப் பதில் நஞ்சுக்கொடி திராட்சைக் கொத்து மாதிரி வளரும் முத்துப்பிள்ளைக் கர்ப்பத்துக்குப் பிறகு. ஏன் கர்ப்பத்தை ஒட்டியே வருகிறது? கர்ப்பம் தரிக்காதபோது கர்ப்பப்பைக்கு ரத்தம் கொஞ்சம்தான் போகிறது. மாதம் நிறைந்த வயிற்றில் நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் போகிறது. குழந்தைக்காக உடம்பே அந்தத் தமனிகளை அகலமாக்கி வைக்கிறது. நஞ்சுக்கொடி ஒட்டியிருந்த இடத்தில் அந்த அகலம் குறையாமல் தங்கிவிட்டாலோ, சுரண்டும்போது பட்ட காயம் ஆறும்போது பக்கத்துத் தமனியும் சிரையும் சேர்ந்து ஒட்டிக்கொண்டாலோ, முடிச்சு விழுந்துவிடும். இதில் அந்தப் பெண் செய்த தப்பு ஒன்றும் இல்லை. பாரம் தூக்கினாள், பப்பாளி தின்றாள், பஸ்ஸில் குலுங்கினாள் என்று வீட்டில் யாராவது பேச்செடுத்தால் நிறுத்தச் சொல்லுங்கள். என் தங்கை அந்தப் பேச்சையும் கேட்டாள்.

இந்த மாதிரி முடிச்சை முதன்முதலில் மருத்துவ உலகில் எழுதி வைத்தது 1926-இல், பிரான்ஸில். அந்தக் காலத்தில் கர்ப்பப்பையை எடுத்து அறுத்துப் பார்த்தால்தான் தெரியும். இன்றைக்கு வயிற்றின் மேலும், பிறப்புறுப்பு வழியாகவும் செய்யும் சாதாரண ஸ்கேனிலேயே சந்தேகம் வந்துவிடும், கலர் பொத்தானை அழுத்தினால். கறுப்பு வெள்ளைப் படத்தில் ஸ்பாஞ்சுத் துண்டு மாதிரி சின்னச் சின்ன ஓட்டைகள்தான் தெரியும். அதை மிச்சத் துணுக்கு என்றோ கட்டி என்றோ நினைக்க நிறைய இடமுண்டு. கலர் போட்டால் கதை மாறிவிடுகிறது. ஸ்கேனில் சிவப்பு என்றால் கருவியை நோக்கி வரும் ரத்தம், நீலம் என்றால் விலகிப் போகும் ரத்தம். முடிச்சுக்குள் ரத்தம் எல்லாத் திசையிலும் சுழன்று ஓடுவதால், ரங்கோலிப் பொடிகளை ஒரே இடத்தில் கொட்டிக் கலக்கின மாதிரி சிவப்பும் நீலமும் மஞ்சளும் கலந்து மின்னும். என் தங்கையின் ஸ்கேனில் நான் கண்ணால் பார்த்தேன். சுற்றிலும் சாம்பல் நிறம், நடுவில் ஒரு புளியங்கொட்டை அளவு இடம் மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது. டாக்டரம்மா ரத்தத்தின் வேகத்தையும் அளந்தார். தடையே இல்லாமல் சீறி ஓடுகிறது என்று காட்டினார்.

இதோடு கட்டாயம் எடுக்கவேண்டிய ரத்தப் பரிசோதனை பீட்டா எச்.சி.ஜி. கர்ப்பத்தின் ஹார்மோன் இன்னும் ரத்தத்தில் இருந்தால், உள்ளே உயிருள்ள துணுக்கோ முத்துப்பிள்ளைக் கர்ப்பமோ இருக்கலாம். அதற்கு வழி வேறு. தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. அல்லது சி.டி. ஆஞ்சியோவும் எழுதுவார்கள்.

நான் உரக்கச் சொல்ல விரும்புவது ஒன்றுதான். முடிச்சு இருக்கும் இடத்தைத் தெரியாமல் மறுபடியும் சுரண்டினால், அது உடைந்த குழாய் மேலேயே இன்னொரு கடப்பாரை போடுவது மாதிரி. நிறுத்தவே முடியாத ரத்தப்போக்காகி, உயிரைக் காப்பாற்றக் கர்ப்பப்பையையே எடுக்கவேண்டி வந்துவிடலாம். ஆகவே பிரசவமோ கருக்கலைப்போ ஆகிச் சில வாரம் கழித்துத் திடீரென்று கொட்டினால், இரண்டாவது டி அண்ட் சி-க்கு முன்னால், “கலர் டாப்ளர் பார்த்தாச்சுங்களா டாக்டர்?” என்று கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் எந்த நல்ல டாக்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கலரில் ரத்த ஓட்டம் அதிகமாகத் தெரிந்தாலே எல்லாருக்கும் சிகிச்சை வேண்டும் என்றில்லை. இதைச் சொல்லாவிட்டால் பயமுறுத்துகிறவள் ஆகிவிடுவேன். கரு கலைந்த பிறகு பலருக்குச் சில வாரம் அந்த இடத்தில் ஓட்டம் கூடுதலாகத்தான் இருக்கும். உண்மையான முடிச்சு அதில் கொஞ்சப் பேருக்குத்தான். உதிரம் குறைவாக இருந்து, ரத்த அளவும் நன்றாக இருந்தால், மாத்திரை கொடுத்து, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஸ்கேன் பார்த்தபடி காத்திருப்பார்கள். பெரும்பாலும் தானாகவே சுருங்கிவிடும். கொட்டிக்கொண்டே இருந்தால், ஹீமோகுளோபின் இறங்கிக்கொண்டே போனால், அப்போதுதான் அடைக்கவேண்டிய வேலை வருகிறது. என் தங்கைக்கு 6.8 ஆகிவிட்டது. இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றிய பிறகுதான் முகத்தில் உயிர் வந்தது.

அடைக்கும் வேலைக்குப் பெயர் எம்பொலைசேஷன். தெருவைத் தோண்டாமல், தூரத்தில் இருக்கும் வால்வு வழியாகக் குழாய்க்குள்ளேயே போய், உடைந்த இடத்தை உள்ளிருந்து அடைப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். இதைச் செய்கிறவர் அறுவை சிகிச்சை நிபுணர் அல்ல, இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிஸ்ட். அதாவது, எக்ஸ்ரே படத்தைப் பார்த்துக்கொண்டே ரத்தக்குழாய்க்குள் வேலை செய்யப் பயிற்சி பெற்றவர். பிரசவத்துக்குப் பின் வரும் கடும் உதிரப்போக்குக்கு இந்த முறை 1970-களின் கடைசியிலேயே வந்துவிட்டது. அப்புறம் 1990-களில் கர்ப்பப்பையில் வரும் நார்க்கட்டிக்கும் பயன்படுத்த ஆரம்பித்தார்கள். நேற்று முளைத்த பரிசோதனை வைத்தியம் இல்லை இது.

நடப்பது என்ன? வலது தொடை மடிப்பில், நாடி துடிக்கிற இடத்தில், மரத்துப்போக ஊசி போடுகிறார்கள். சிலர் மணிக்கட்டு வழியாகவும் செய்கிறார்கள். தமனிக்குள் ஒரு ஊசி. அந்த ஊசி வழியாக ஒரு மெல்லிய கம்பி. ஊசியை உருவிவிட்டு, கம்பி மேலேயே ஒரு குழாய். 1953-இல் செல்டிங்கர் என்கிற ஸ்வீடன் நாட்டு டாக்டர் எழுதிய உத்தி இது. பெரிய வெட்டு இல்லாமல் குழாய்க்குள் நுழைய அவர் காட்டிய வழியில்தான் இன்றைக்கு இதய ஆஞ்சியோ வரைக்கும் நடக்கிறது. உள்ளே போகும் அந்தக் குழாய்க்குக் கதீட்டர் என்று பெயர்; அதன் தடிமன் இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு. தையல்கூட வேண்டியதில்லை.

மயக்கம் கொடுப்பதில்லை பெரும்பாலும். லேசான தூக்க மருந்து மட்டும். தொப்புளுக்குக் கிட்டத்தட்ட நேராக, இதயத்திலிருந்து வரும் பெரிய தமனி இரண்டாகப் பிரிகிறது. கதீட்டர் தொடையிலிருந்து மேலே ஏறி, அந்தப் பிரிவில் திரும்பி, இடது பக்கம் இறங்கி, இடுப்புக்குள் போகும் தமனிக்குள் நுழைந்து, அதிலிருந்து பிரியும் கர்ப்பப்பைத் தமனியைத் தேடிப் போகிறது. அங்கே அயோடின் சேர்ந்த சாயத்தைச் செலுத்துகிறார்கள். அடிவயிற்றில் வெந்நீர் ஊற்றின மாதிரி ஒரு சூடு பரவியது என்றாள் தங்கை. அடுத்த நொடி திரையில் எலும்பு எல்லாம் மறைந்து, ரத்தக்குழாய்கள் மட்டும் கறுப்பாக எழும்பின. டாக்டர் திரையைத் திருப்பி அவளிடமே காட்டினாராம். “சில்வர் ஓக்குல மிளகுக் கொடி சுத்தி ஏறின மாதிரி இருந்துச்சுக்கா” என்றாள். தமனிக்குள் விட்ட சாயம், தந்துகியில் நிதானிக்காமல், உடனே சிரையில் போய் நிற்பதும் தெரிந்ததாம். முடிச்சு இருக்கிறது என்பதற்கு அதைவிட உறுதியான சாட்சி இல்லை.

பிறகு அதற்குள்ளே இன்னும் மெல்லிய ஒரு மைக்ரோ கதீட்டரை விட்டு, முடிச்சின் வாசல் வரைக்கும் போய் அடைக்கிறார்கள். எதை வைத்து அடைப்பது என்பதில்தான் டாக்டரின் கைத்திறமை இருக்கிறது. ஜெலட்டின் ஸ்பாஞ்சு சில வாரத்தில் கரைந்துவிடும். அதற்குள் ரத்தம் உறைந்து முடிச்சு சுருங்கிவிட்டால் நல்லது, இல்லாவிட்டால் குழாய் மறுபடி திறந்துகொள்ளலாம். மணல் மாதிரி மிக நுண்ணிய துகள்களும் உண்டு. ஆனால் முடிச்சில் நேர்வழி இருப்பதால், துகள் ரொம்பச் சின்னதாக இருந்தால் அது நிற்காமல் சிரைக்குள் வழுக்கி, நுரையீரலுக்குப் போய்விடும். அதனால் அளவு பார்த்துத்தான் விடவேண்டும். உள்ளே போனதும் இறுகிவிடும் ஒரு வகைப் பசையும் இருக்கிறது. அகலமான குழாய் என்றால் சுருள் கம்பியை வைப்பதும் உண்டு. என் தங்கைக்குப் பசை. இடது முடிந்ததும் வலது பக்கமும் பார்த்தார்கள், ஏனென்றால் ஒரு பக்கத்தை அடைத்தால் மறுபக்கம் முடிச்சுக்குத் தீனி போட ஆரம்பித்துவிடும். இதைச் செய்யும் எக்ஸ்ரே அறையான கேத் லேப்புக்குள் போனதிலிருந்து வெளியே வரும் வரை ஒன்றே முக்கால் மணி நேரம். நானும் அவள் வீட்டுக்காரரும் வாசலில் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

இங்கே எல்லாரும் கேட்கும் கேள்வி: ரத்தத்தை அடைத்துவிட்டால் கர்ப்பப்பை செத்துப்போகாதா? போகாது. கர்ப்பப்பைக்கு வரும் வழி ஒன்றிரண்டு அல்ல. சினைப்பைத் தமனியிலிருந்து ஒரு கிளை, யோனிப் பக்கத்திலிருந்து ஒரு கிளை என்று சுற்று வழிகள் இருக்கின்றன. ஒரு தெருவில் குழாயை மூடினாலும் அடுத்த தெரு வழியாகத் தண்ணீர் வந்துசேர்கிற மாதிரி, அவை கர்ப்பப்பையைக் காப்பாற்றுகின்றன. இதே காரணத்தால்தான், அடிமரத்தில் பெரிய தமனியை நூல் போட்டுக் கட்டிவிட்டால் மட்டும் முடிச்சு அடங்குவதில்லை. சுற்று வழியில் ரத்தம் வந்துவிடுகிறது. அதுமட்டுமல்ல, கட்டிவிட்டால் பின்னால் கதீட்டர் போகவேண்டிய பாதையும் அடைபட்டுவிடுகிறது. முடிச்சின் வாசலிலேயே போய் அடைக்கவேண்டும்.

முடிந்த பிறகு வலி இருக்கும். வலியே இருக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ரத்தம் குறைந்த சதை முறுக்கிக்கொள்ளும்; மாதவிலக்கு வலியைப் போல பல மடங்கு. முதல் நாள்தான் கடுமை. அதற்குப் பலமான வலிமருந்தை முன்கூட்டியே போட்டுவிடச் சொல்லலாம். ஊசி போட்ட இடத்தை அழுத்திப் பிடித்துக் கட்டுப்போட்டு, ஆறு மணி நேரம் காலை மடக்காமல் படுக்கவைத்தார்கள். லேசான காய்ச்சலும் குமட்டலும் சில நாள் இருக்கலாம். காய்ச்சல் 101-க்கு மேல் ஏறினாலும், கெட்ட வாடையோடு வெள்ளைப்பட்டாலும், தொடை வீங்கினாலும், கால் சில்லிட்டுப்போனாலும் உடனே போகவேண்டும். அவளுக்கு அப்படி எதுவும் வரவில்லை. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்து தயிர்சாதம் கேட்டாள்.

முன்னதாகச் சொல்லவேண்டியவை சில உண்டு. சாயத்துக்கு ஒவ்வாமை இருந்தாலும், சிறுநீரகக் கோளாறு இருந்தாலும், சர்க்கரைக்கு மெட்பார்மின் சாப்பிட்டாலும் டாக்டரிடம் மறைக்கக் கூடாது. எக்ஸ்ரே கதிர் படுவதால், கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொண்டுதான் தொடங்குவார்கள். சிலருக்கு ஒரு முறை போதாமல் இரண்டாவது முறையும் தேவைப்படும். அபூர்வமாக, அடைக்கும் பொருள் பக்கத்துக் கிளைக்குப் போவதும், சினைப்பையின் சக்தி குறைவதும் நடக்கலாம். வயது நாற்பதைத் தாண்டியவர்களுக்கு அந்த வாய்ப்பு கொஞ்சம் கூடுதல்.

அப்புறம் பிள்ளை பிறக்குமா? இந்தச் சிகிச்சைக்குப் பிறகு கருத்தரித்து நல்லபடியாகப் பெற்றவர்கள் இருக்கிறார்கள். கட்டாயம் பிறக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள். உண்டானால், நஞ்சுக்கொடி சரியான இடத்தில் ஒட்டியிருக்கிறதா, அளவுக்கு மீறி ஆழமாகப் பிடித்துவிட்டதா என்று கவனித்துப் பார்க்கவேண்டும். அதனால் ரத்த வங்கியும் வசதியும் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியில் பதிவு செய்வது நல்லது. எங்கள் சொந்தத்தில் ஒரு பெரியம்மா, “ஒரு புள்ள இருக்குல்ல, கர்ப்பப்பையை எடுத்துட்டா தொல்லை விட்டுது” என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ரத்தம் நிற்கவே இல்லை, கதீட்டர் வசதி பக்கத்தில் இல்லை என்றால் கர்ப்பப்பையை எடுப்பதுதான் உயிரைக் காக்கும். ஆனால் முப்பத்தொரு வயதுப் பெண்ணின் உடம்பில் வேறு வழி இருக்கும்போது, அந்த முடிவை அவளைத் தவிர மற்றவர்கள் எடுப்பதை நான் ஏற்க மாட்டேன்.

மலையில் இருப்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்கவேண்டும். ஏற்காட்டிலிருந்து சேலம் முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனால் மழையிலும் பனிமூட்டத்திலும் அந்த வளைவுகளில் வண்டி மெதுவாகத்தான் இறங்கும். ஒரு நாப்கின் ஒரு மணி நேரத்துக்குள் முழுக்க நனைந்து, அடுத்த மணியிலும் அப்படியே ஆனால், அல்லது தலை சுற்றி நெஞ்சு படபடத்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். தானாக நின்றுவிட்டது என்று நம்பியும் இருக்காதீர்கள். இது நின்று நின்று வருவது. எம்பொலைசேஷன் செய்கிற டாக்டர் எல்லா ஆஸ்பத்திரியிலும் இருக்க மாட்டார். இதய ஆஞ்சியோ செய்யும் இடத்தில் அதற்கான எக்ஸ்ரே இயந்திரம் இருக்கலாம், ஆனால் கர்ப்பப்பைத் தமனியில் பழகிய கை வேண்டும். “இங்கே இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிஸ்ட் இருக்காரா, இல்லேன்னா எங்க அனுப்புவீங்க?” என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், அட்மிஷனுக்கு முன்பே காப்பீட்டுப் பிரிவில் காட்டி, இந்தச் சிகிச்சை அதில் வருமா என்று எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

வரும்போது டிஸ்சார்ஜ் சீட்டோடு ஆஞ்சியோ சி.டி.யையும் வாங்கிக்கொள்ளுங்கள். எதைக் கொண்டு எந்தப் பக்கம் அடைத்தார்கள் என்பது அதில்தான் இருக்கும். பின்னால் எந்த டாக்டர் அந்தக் கர்ப்பப்பையில் கை வைப்பதானாலும் அவருக்கு அது தெரியவேண்டும். தங்கை அதை ரேஷன் கார்டு வைக்கும் டப்பாவிலேயே வைத்திருக்கிறாள்.

மூன்று மாதம் கழித்து அதே ஸ்கேன் சென்டர், அதே டாக்டரம்மா. கலர் போட்டார். கொதித்துக்கொண்டிருந்த இடம் சாம்பலாகக் கிடந்தது, ஓரத்தில் மட்டும் ஒரு சிவப்புப் புள்ளி. “அது எல்லாருக்கும் இருக்கிற சாதாரணக் குழாய்தான்மா” என்றார். மாதவிலக்கு அதற்கு இரண்டு வாரம் முன்பே வந்து, நான்கு நாளில் முடிந்திருந்தது.